பேப்பர்ஸ், ப்ளீஸ்: ஒரு நாளைக்கு இரண்டு மெமோ வரைக்கும் இரக்கம் காட்டலாம்

இந்த கம்ப்யூட்டர் கேமில் நான் எல்லைச் சாவடி இன்ஸ்பெக்டர். ஆன்டெக்ரியா என்ற கற்பனை நாட்டிலிருந்து ஒருவர் என் கவுன்ட்டருக்கு வந்தார். பாஸ்போர்ட் இருந்தது, நுழைவு அனுமதி இருந்தது, பெயரும் எண்ணும் ஒத்துப்போயின, தேதியும் தாண்டவில்லை. பச்சை முத்திரையைக் குத்திக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டவர் போகிற போக்கில், எனக்குப் பின்னால் நிற்பது என் மனைவி, கொஞ்சம் தயவு பண்ணுங்கள் என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். அடுத்து அந்த அம்மா வந்தார். நுழைவு அனுமதி எங்கே என்று கேட்டால், எனக்குக் கொடுக்க மாட்டேன் என்றுவிட்டார்கள், திரும்பிப் போனால் கொன்றுவிடுவார்கள் என்கிறார். கணவர் ஏற்கெனவே தடுப்பைத் தாண்டிப் போய்விட்டார். வெளியே வரிசை நீண்டுகொண்டே இருக்கிறது, கடிகார முள் ஓடுகிறது, மேசையில் பச்சை முத்திரையும் சிவப்பு முத்திரையும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன.

அந்த நேரத்தில் என் மனதில் முதலில் ஓடியது, இன்றைக்கு இதுவரை எத்தனை மெமோ, அதாவது தப்பு செய்தால் வரும் எச்சரிக்கைச் சீட்டு, வாங்கியிருக்கிறேன் என்ற கணக்குதான். அவர் சொல்வது உண்மையா, அவரை அனுப்பினால் என்ன ஆகும் என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான் வந்தது. இந்த கேமைப் பற்றி எழுத வேண்டும் என்று தோன்றியதே அந்தக் கணக்கினால்தான்.

பேப்பர்ஸ், ப்ளீஸ் 2013 ஆகஸ்டில் வந்த கேம். லூக்கஸ் போப் என்ற ஒரே ஆள், கிட்டத்தட்ட எல்லாவற்றையும், அந்தத் தொடக்கப் பாட்டின் கனமான அணிவகுப்பு இசை உட்பட, தானே செய்தார். அதற்கு முன் அமெரிக்காவில் நாட்டி டாக் நிறுவனத்தில் அன்சார்ட்டட் வரிசையின் முதல் இரண்டு கேம்களில் வேலை பார்த்தவர், 2010-ல் அதை விட்டுவிட்டு மனைவியோடு ஜப்பானுக்குப் போய்விட்டார். நாடு நாடாகப் போகும்போது இமிக்ரேஷன் கவுன்ட்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறவர்களைப் பார்த்துப் பார்த்துத்தான் இந்த யோசனை வந்ததாகச் சொல்லியிருக்கிறார். நம்மில் பெரும்பாலோர் அந்தக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றவர்கள். அவர் நம்மை அந்தப் பக்கத்தில் உட்கார வைக்கிறார்.

கதை இதுதான். ஆண்டு 1982. ஆர்ஸ்டோட்ஸ்கா என்ற கற்பனை நாடு, பழைய கிழக்கு ஐரோப்பிய கம்யூனிஸ்ட் நாடுகளின் சாயல். பக்கத்து நாடான கொலேச்சியாவோடு ஆறு வருடம் நடந்த போர் இப்போதுதான் முடிந்திருக்கிறது, கிரெஸ்டின் என்ற ஊரே கிழக்கு மேற்காக இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது, நடுவில் சுவர். அரசாங்கம் வேலைக்கு லாட்டரி நடத்துகிறது, அதில் உங்கள் பெயர் விழுகிறது. எல்லைச் சாவடியில் இன்ஸ்பெக்டர் வேலை, கூடவே எட்டாம் வகுப்பு வீடு ஒன்று. மனைவி, மகன், மாமியார், மாமா எல்லோரும் உங்களோடு வந்துவிடுகிறார்கள். முப்பத்தொரு நாள். அவ்வளவுதான்.

விளையாட்டு என்று பார்த்தால் அது ஒரு மேசை. "அடுத்து!" என்று ஒலிபெருக்கியில் கூப்பிடுவீர்கள், ஆள் வருவார், காகிதங்களைத் தட்டில் வைப்பார், அவற்றை மேசைக்கு இழுத்துப் போட்டு விதிப் புத்தகத்தோடு ஒப்பிட வேண்டும். பாஸ்போர்ட் கொடுத்த ஊர் அந்த நாட்டில்தான் இருக்கிறதா, முகமும் படமும் ஒன்றா, சீட்டில் போட்ட முத்திரை அமைச்சகத்து முத்திரைதானா. முதல் நாள் சொந்த நாட்டுக்காரர்களை மட்டும் விட்டால் போதும், ரொம்ப எளிது. இரண்டாவது நாள் வெளிநாட்டுக்காரர்கள் வருகிறார்கள், அன்றைக்கே ஒருவன் சுவர் ஏறிக் குதித்துக் குண்டு போடுகிறான், அதற்கப்புறம் தினம் ஒரு சர்க்குலர். நுழைவுச் சீட்டு, அடையாள அட்டை, நுழைவு அனுமதி, வேலைச் சீட்டு, உயரமும் எடையும் எழுதிய துணை அடையாளச் சீட்டு, கைரேகை, தூதரகக் கடிதம், தஞ்சம் கொடுத்ததற்கான சான்று, போலியோ தடுப்பூசிச் சான்று. மேசை மட்டும் பெரிதாவதே இல்லை. காகிதத்தின் மேல் காகிதம் குவியும், விதிப் புத்தகத்துக்கு அடியில் பாஸ்போர்ட் மாட்டிக்கொள்ளும், தேடி எடுப்பதற்குள் கடிகாரத்தில் ஒரு மணி நேரம் போயிருக்கும். மேசையைக் கொஞ்சம் பெரிதாக வைத்திருக்கலாமே என்று முதல் மூன்று நாள் எனக்கு எரிச்சலாக இருந்தது. அப்புறம்தான் புரிந்தது, கதை நடக்கிற இடமே அந்த மேசைதான் என்று. வாசிக்க நேரமில்லாத ஆளிடம் வாசிக்க வேண்டிய காகிதத்தைக் கொடுத்தால் அவர் என்ன செய்வார் என்பதை எந்த வசனமும் இல்லாமல் காட்டிவிடுகிறது அந்த இடப் பற்றாக்குறை.

சம்பளம் ஆளுக்கு ஐந்து கிரெடிட். சரியாகப் பார்த்து அனுப்பிய ஒவ்வொருவருக்கும் ஐந்து, அவரை உள்ளே விட்டாலும் திருப்பி அனுப்பினாலும். ஆரம்பத்தில் வீட்டு வாடகை இருபது, சாப்பாடு இருபது, குளிருக்கு அடுப்புச் செலவு பத்து. ஆக ஒரு நாளைக்குப் பத்துப் பேரையாவது முடித்தால்தான் கையைக் கடிக்காது. ஆரம்ப நாட்களில் நான் ஆறேழு பேரைத்தான் முடித்தேன். நடுவில் தாக்குதல் நடந்தால் சாவடியை சீக்கிரம் மூடிவிடுவார்கள், அன்றைக்குச் சம்பளம் பாதி. மாலையில் ஒரு கறுப்புத் திரை வரும். அதில் குடும்பத்தின் பெயர்ப் பட்டியல், பக்கத்தில் பசி, குளிர், நோய் என்று ஒரு வார்த்தை. சாப்பாடா அடுப்பா என்று தேர்ந்தெடுக்க வேண்டும். மகனுக்கும் மாமாவுக்கும் ஒரே நாளில் உடம்பு சரியில்லாமல் போனபோது மருந்துக்கு ஒருவருக்குத்தான் காசு இருந்தது. மகனுக்குக் கொடுத்தேன். அடுத்த நாள் கூடுதல் வேகமாக முத்திரை குத்தினேன், மாமாவைப் பிழைக்க வைத்துவிடலாம் என்று. அந்த வேகத்தில் எத்தனை பேர் முகத்தை நான் பார்க்கவே இல்லை என்பது ராத்திரி கம்ப்யூட்டரை அணைத்தபிறகுதான் உறைத்தது.

இப்போது மெமோ விஷயத்துக்கு வருகிறேன். தப்பாக ஒருவரை விட்டாலோ, தப்பாகத் திருப்பி அனுப்பினாலோ, அவர் நகர்ந்த சில நொடிகளில் மேசைக்குப் பக்கத்தில் இருக்கிற பிரிண்டர் டிர்ர்ர் என்று சத்தம் போட்டு ஒரு இளஞ்சிவப்புச் சீட்டைத் துப்பும். எந்த விதியை மீறினீர்கள் என்று அதில் இருக்கும். ஒரு நாளில் முதல் இரண்டு சீட்டுக்கு எச்சரிக்கையோடு சரி. மூன்றாவதிலிருந்து சம்பளத்தில் பிடித்தம். இதைக் கண்டுபிடித்தவுடன் எல்லோர் மனதும் ஒரே வழியில்தான் போகும் என்று நினைக்கிறேன். தினம் இரண்டு தப்பு இலவசம். அதாவது தினம் இரண்டு பேருக்கு இரக்கம் காட்டலாம், செலவில்லாமல். கவனக்குறைவால் காலையிலேயே இரண்டு மெமோ வாங்கிவிட்டால் அன்றைக்கு இரக்கம் தீர்ந்துபோச்சு. மத்தியானம் வருகிற அம்மா எவ்வளவு அழுதாலும் அவரை விட்டால் என் மகன் சாப்பாட்டில் கை வைத்தது மாதிரி.

அந்த ஆன்டெக்ரியா அம்மாவை நான் முதல் முறை விட்டுவிட்டேன், ஏனென்றால் அன்றைக்கு என்னிடம் ஒரு மெமோ பாக்கி இருந்தது. நல்ல மனசு என்று சொல்லிக்கொள்ள முடியவில்லை. போகும்போது நன்றி சொல்லி ஒரு சின்ன வில்லை கொடுத்துவிட்டுப் போனார், அது கையில் இருக்கும்போதே பிரிண்டர் சத்தம் போட்டது.

ஒரு கேம் எப்படி அரசியல் பேச வேண்டும் என்று யாராவது கேட்டால் நான் இந்த ஒரு ஏற்பாட்டைத்தான் காட்டுவேன். ஆர்ஸ்டோட்ஸ்கா கெட்ட அரசாங்கம் என்று ஒரு கதாபாத்திரமும் நின்று சொற்பொழிவு ஆற்றுவதில்லை. காலையில் வருகிற செய்தித்தாளில் நாலு தலைப்பு, ஒரு சர்க்குலர், அவ்வளவுதான். ஒரு நாள் கொலேச்சியாக்காரர்கள் எல்லோரையும் சோதனை போடு என்று வரும். இன்னொரு நாள் இம்போர் நாட்டுக்காரர்கள் யாரையும் விடாதே என்று வரும், வணிகத் தகராறாம். நேற்று அதே நாட்டுக்காரர் சிரித்துக்கொண்டே போனார், இன்றைக்கு வருகிறவர் எல்லாக் காகிதமும் சரியாக வைத்துக்கொண்டு நிற்கிறார், நான் பாஸ்போர்ட் அட்டையின் நிறத்தைப் பார்த்த உடனேயே சிவப்பு முத்திரையை இழுத்துவிட்டேன், உள்ளே இருப்பதைப் படித்துக்கூடப் பார்க்கவில்லை. இன்னும் சொல்லப்போனால் எனக்கு அது சந்தோஷமாகக்கூட இருந்தது. தடை என்றால் சரிபார்க்கும் வேலை மிச்சம், பத்து நொடியில் ஐந்து கிரெடிட். ஒரு இனத்தையே மொத்தமாக மறுப்பது வேலை செய்கிறவனுக்கு எவ்வளவு வசதியானது என்பதை என் விரல் எனக்குச் சொல்லிக்கொடுத்தது. இதை நான் கட்டுரைகளில் படித்திருக்கிறேன். படித்தபோது தலையை ஆட்டினேன், அவ்வளவுதான்.

பெரிய பட்ஜெட் கேம்களில் இதற்கு நேர் எதிராக நடக்கும். உண்மையான தலைநகரத்தில் உள்நாட்டுப் போர் நடக்கும், கொடி எரியும், பேட்டியில் கேட்டால் எங்கள் கேமில் அரசியலே இல்லை என்பார்கள். 2009-ல் வந்த கால் ஆஃப் டியூட்டி: மாடர்ன் வார்ஃபேர் 2 கேமில் ஒரு விமான நிலையக் காட்சி உண்டு, பயங்கரவாதிகளோடு ரகசியமாகச் சேர்ந்துகொண்டவராக நீங்கள் நடந்து போவீர்கள், சுற்றிலும் பொதுமக்கள் செத்து விழுவார்கள். அப்போது உலகம் முழுக்க அதைப் பற்றிப் பேசினார்கள். எனக்கும் நெஞ்சு அடைத்தது. ஆனால் அதில் நீங்கள் ஒரு குண்டுகூடச் சுடாமல் நடந்து போகலாம், பொதுமக்கள் எல்லோரையும் சுட்டுக்கொண்டும் போகலாம், கதை போகிற இடத்துக்குத்தான் போகும். உங்கள் கை செய்தது எதையும் மாற்றாது. அங்கே கதை ஒரு பக்கம், விளையாட்டு ஒரு பக்கம். கிரெஸ்டின் சாவடியில் இரண்டும் ஒன்றுதான், முத்திரை குத்துவதுதான் விளையாட்டு, அதேதான் கதை. 2014-ல் போலந்திலிருந்து வந்த திஸ் வார் ஆஃப் மைன் கேமிலும் இந்த ஒட்டுதல் உண்டு. சரயேவோ முற்றுகையை மனதில் வைத்துச் செய்தது, அதில் ஒரு வயதான தம்பதியின் வீட்டில் மருந்து திருடிய ராத்திரியை நான் இன்னும் மறக்கவில்லை. அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

கொஞ்சம் சொந்த விஷயம். எனக்கு அப்பா பெயர்தான் இனிஷியல், நம்மில் பெரும்பாலோருக்கு அப்படித்தான். பாஸ்போர்ட்டில் அது விரிந்து குடும்பப் பெயராகப் போய் உட்கார்ந்துகொண்டது, விமான டிக்கெட்டில் வெறும் ஒற்றை எழுத்தாக நின்றது. வெளிநாட்டு விமான நிலையம் ஒன்றில் கவுன்ட்டரில் இருந்தவர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். அப்பா பெயரையே ஏன் குடும்பப் பெயராக வைத்திருக்கிறாய், அப்படியானால் உன் அப்பாவின் குடும்பப் பெயர் என்ன என்று கேட்டார். நான் எங்கள் ஊர் வழக்கத்தை விளக்க விளக்க எனக்கே அது பொய் சொல்வது மாதிரி இருந்தது. நாற்பது நிமிடம் தனியாக உட்கார வைத்துவிட்டு அனுப்பினார்கள். இந்த கேமில் சரிபார்க்கும் பொத்தானை அழுத்தி இரண்டு பெயர்களைத் தொட்டால் இரண்டுக்கும் நடுவே ஒரு கோடு ஓடி, பொருந்தவில்லை என்று காட்டும். அதன் பிறகு விசாரிக்கலாம். முதல் முறை அந்தக் கோட்டைப் பார்த்ததும் எனக்கு அந்த ஆளின் விரல்தான் ஞாபகம் வந்தது. பத்தாவது நாளுக்குள் நானும் அதே மாதிரி தொட்டுக்கொண்டிருந்தேன், எதிரே நிற்கிறவர் பொய் சொல்கிறார் என்ற எண்ணத்தோடுதான் ஒவ்வொரு பாஸ்போர்ட்டையும் திறந்தேன். தஞ்சம் கொடுத்ததற்கான சான்று என்ற காகிதம் கேமில் வருகிற இடத்தில், ஈழத்திலிருந்து வெளியேறிய குடும்பங்களில் இருக்கிறவர்கள் கொஞ்ச நேரம் நின்றுவிடுவார்கள் என்று நினைக்கிறேன். அதிலும் படம், கைரேகை, தேதி எல்லாம் ஒப்பிட வேண்டும். தேதி ஒரு நாள் தாண்டியிருந்தாலும் சிவப்புதான்.

ஸ்கேனர் பற்றியும் சொல்ல வேண்டும். எடை பொருந்தவில்லை, ஆணா பெண்ணா என்ற எழுத்து முகத்தோடு பொருந்தவில்லை என்றால் ஆளை ஸ்கேனர் முன்னால் நிறுத்தி உடம்பை நிர்வாணமாகப் படமெடுப்பீர்கள். படம் நீளமாக அச்சாகி மேசையில் வந்து விழும். ஐபேட் பதிப்பு 2014 டிசம்பரில் வந்தபோது ஆப்பிள் இந்தப் படங்களை ஆபாசம் என்று சொல்லி முதலில் எடுக்க வைத்து, பிறகு திரும்பச் சேர்க்க விட்டது. கேமின் செட்டிங்ஸில் நிர்வாணத்தை மூடிக்கொள்ளும் வசதி இருக்கிறது. என் அபிப்பிராயத்தில் மூடாமல் விளையாடுவதே நல்லது. அந்தப் படங்களில் கிளர்ச்சி என்று ஒரு துளிகூடக் கிடையாது. கையை ஒரு மாதிரி வைத்துக்கொண்டு நிற்கிற மனிதர்கள், அவ்வளவுதான். ஆயுதம் எதுவும் இல்லை, எழுத்தும் சரிதான் என்று தெரிந்த பிறகு பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது மன்னிப்புக் கேட்க ஒரு பொத்தான் இருக்காதா என்று தேடினேன். இல்லை.

ஜோர்ஜியைச் சொல்லாமல் விட்டால் கேமை ஆடியவர்கள் சண்டைக்கு வருவார்கள். ஜோர்ஜி கோஸ்டாவா என்ற கிழவர் முதலில் பாஸ்போர்ட்டே இல்லாமல் வருவார். அப்புறம் ஒருநாள் கையால் வரைந்த பாஸ்போர்ட்டோடு வருவார், நாடு கோப்ராஸ்தான் என்று எழுதியிருக்கும், அப்படி ஒரு நாடே கிடையாது. திருப்பி அனுப்பினால் கோபமே வராது, மறுபடி வருகிறேன் என்று சந்தோஷமாகப் போவார். பிற்பாடு போதைப் பொருளோடும் வருவார். அத்தனை நாள் எல்லோரையும் சந்தேகத்தோடு பார்த்துப் பழகிய எனக்கு, ஒரே ஒரு ஆள் வெளிப்படையாகப் பொய் சொல்வது எவ்வளவு ஆறுதலாக இருந்தது தெரியுமா. அவர் முகம் ஜன்னலில் தெரிந்ததும் தோள் தளர்ந்துவிடும்.

காவலர்களும் அப்படித்தான், இரண்டு மூன்று வசனத்தில் ஆள் முழுசாக வந்துவிடுகிறார்கள். காலன்ஸ்க் வந்து, யாரையாவது பிடித்து வைத்தால் எனக்கு போனஸ், அதில் உனக்கும் பங்கு தருகிறேன் என்பான். அதற்கப்புறம் சாதாரண எழுத்துப்பிழை உள்ள ஆளைக்கூடத் திருப்பி அனுப்பாமல் பிடித்து வைக்கத் தோன்றும். விதிப்படி இரண்டுமே சரிதான், மெமோ வராது. நான் சில பேரைப் பிடித்துக் கொடுத்தேன். அவர்கள் எங்கே போனார்கள் என்று கேம் சொல்லவே இல்லை, நானும் அந்த வாரம் வீட்டு அடுப்பை அணைக்க வேண்டியிருக்கவில்லை. செர்ஜியூ வேறு மாதிரி. அவனுக்கு எலிசா என்று ஒரு காதலி, ஒருநாள் இந்த வழியாக வருவாள், விட்டுவிடு என்று கேட்டுக்கொள்கிறான். அவள் வரும்போது காகிதம் முழுசாக இருக்காது. அதற்கு முன்னால் ஒரு தாக்குதலில் அவனைக் காப்பாற்றத் தவறினால் அவள் வரும்போது அவன் இருக்கவும் மாட்டான்.

எனக்கு மனதில் நின்றுவிட்டது ஒரு சின்ன விஷயம். மகனுக்குப் பிறந்தநாள் வருகிறது, மாலைத் திரையில் க்ரேயான் வாங்கலாம் என்று ஒரு வரி கூடுதலாக இருக்கும். காசு இழுபறியில்தான் இருந்தது, வாங்கினேன். பிறகு அவன் ஒரு படம் வரைந்து தருகிறான், அதை சாவடிச் சுவரில் மாட்டிக்கொள்ளலாம். மாட்டினேன். சாம்பலும் பழுப்புமாகக் கிடக்கிற அந்த அறையில் அது ஒன்றுதான் வண்ணமாக இருந்தது. சில நாள் கழித்து மேலதிகாரி டிமிட்ரி ஆய்வுக்கு வருகிறார், சுவரில் அதிகாரபூர்வமல்லாத பொருள் எதுவும் தொங்கக் கூடாது என்று எச்சரிக்கிறார். கழற்ற வேண்டியதுதான், ஒரு இழுப்பு. அந்த இழுப்பைச் செய்யும்போது எனக்கு வந்த கோபம் அதுவரைக்கும் அந்த அரசாங்கத்தின் மேல் வந்ததே இல்லை. இம்போர்காரர்களைத் தடுத்தபோது வராத கோபம், ஆன்டெக்ரியா அம்மாவை விட்டதற்கு மெமோ போட்டபோதுகூட வராத கோபம். என் பையன் படத்தில் கை வைத்தபோதுதான் வந்தது.

குறை இல்லாமல் இல்லை. எசிக் என்று ஒரு ரகசிய இயக்கம் நடுவில் வருகிறது, முகமூடி போட்ட ஆள் சங்கேதச் சீட்டு கொடுப்பான், விஷம் கொடுப்பான், இன்னாரை விடு என்பான். இந்தப் பகுதி எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. அவர்கள் என்ன நினைக்கிறார்கள், ஆட்சியைப் பிடித்தால் எப்படி நடத்துவார்கள் என்பதற்கு ஒரு வரிகூட இல்லை, அவர்களுக்கு உதவுவதா வேண்டாமா என்று முடிவெடுக்க என்னிடம் காரணமே இருக்கவில்லை. அவர்கள் தருகிற ஆயிரம் கிரெடிட் பரிசு மட்டும் அருமையான கண்ணி. ஒருவேளைச் சாப்பாட்டுக்குக் கணக்குப் பார்க்கிறவன் வீட்டு வாசலில் ஆயிரம் கிரெடிட் கிடக்கும், எடுத்துச் செலவழிக்க ஆரம்பித்தால் பக்கத்து வீட்டுக்காரர்கள் கண்ணில் பட்டு இருக்கிற சேமிப்பும் போய்விடும். தாக்குதல் நேரத்தில் துப்பாக்கி எடுத்துச் சுடும் பகுதியும் வேறு கேமிலிருந்து எடுத்து ஒட்டிய மாதிரி இருக்கிறது. அப்புறம் குடும்பம். மனைவிக்கு ஒரு குரல் கொடுத்திருக்கலாம். முப்பத்தொரு நாளும் அவர் திரையில் ஒரு வார்த்தை மட்டும்தான், பசி அல்லது நோய். களைத்து வீட்டுக்கு வருகிறவனுக்குக் குடும்பம் அப்படித்தான் சுருங்கிப்போகும் என்று இதற்கு நியாயம் சொல்கிறவர்கள் உண்டு, நானும் பாதி ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் மாமா இறந்தபோது எனக்கு வருத்தத்தைவிட அந்த வரி பட்டியலிலிருந்து போனதுதான் தெரிந்தது, அது கேமுக்கு ஒரு இழப்பு.

இதற்கு மேல் முடிவுகளைப் பற்றிப் பேசப்போகிறேன், தெரிந்துகொள்ள விரும்பாதவர்கள் ஒரு பத்தி தாண்டிப் போங்கள். மொத்தம் இருபது முடிவுகள். கடன்பட்டால் சிறை, குடும்பம் முழுக்க இறந்தால் வேலை போச்சு, இப்படிச் சின்னச் சின்ன முடிவுகள் நிறைய. கடைசி வாரத்தில் சொந்த நாட்டு மக்களின் பாஸ்போர்ட்டையே பறிமுதல் செய்யச் சொல்லி உத்தரவு வரும், முதலில் ஒரு மாவட்டத்துக்காரர்களுடையது, அப்புறம் எல்லோருடையதும். முதல் நாளன்று நான் விட்டது சொந்த நாட்டுக்காரர்களை மட்டும்தான், கடைசியில் அவர்களைத்தான் கையில் எதுவும் இல்லாமல் அனுப்புகிறேன். அந்த நேரத்தில்தான் ஜோர்ஜி ஒரு வழி காட்டுகிறார், ஒப்ரிஸ்தான் என்ற இன்னொரு நாட்டின் பாஸ்போர்ட்டுகளைச் சேர்த்து வைத்துக்கொண்டால் குடும்பத்தோடு தப்பி ஓடிவிடலாம் என்று. ஆளுக்கு ஒன்று வேண்டும். அவை எங்கிருந்து வரும்? என் கவுன்ட்டருக்கு வருகிற ஒப்ரிஸ்தான் பயணிகளிடமிருந்துதான். எந்தத் தப்பும் செய்யாத ஒரு பெண் எதற்காகப் பிடுங்குகிறீர்கள் என்று கேட்டார். எனக்கு இன்னும் இரண்டு குறைகிறது என்பதுதான் பதில், சொல்லவில்லை. போதுமான அளவு கிடைக்காவிட்டால் குடும்பத்தில் சிலரை விட்டுவிட்டுப் போக வேண்டும்.

வாங்குவது பற்றி. கம்ப்யூட்டரில் ஸ்டீம் என்ற இணையக் கடையில் கிடைக்கிறது, அமெரிக்க விலை 9.99 டாலர், தள்ளுபடி நாட்களில் குறையும். ரொம்பப் பழைய லேப்டாப்பிலும் ஓடும், கிராஃபிக்ஸ் கார்டு தேவையில்லை. 2022 ஆகஸ்டில் ஆண்ட்ராய்டுக்கும் ஐபோனுக்கும் வந்தது, சின்னத் திரைக்கு ஏற்ற மாதிரி மேசையை மாற்றி அமைத்திருக்கிறார்கள், பஸ்ஸில் ஆட வசதி. ஆனால் முதல் முறை மவுஸ் வைத்துத்தான் ஆடுங்கள். காகிதத்தை இழுத்துப் போட்டுப் புரட்டும் அந்தக் குளறுபடியை முழுசாக அனுபவிக்க அதுதான் சரி. தமிழில் கிடையாது, ஆங்கிலம் ஓரளவு தெரிந்தால் போதும், பேசுகிறவர்கள் எல்லோரும் நாலைந்து வார்த்தை உடைந்த ஆங்கிலத்தில்தான் பேசுவார்கள். ஒருமுறை முடிக்க எனக்கு ஏழு மணி நேரம் ஆனது. எந்த நாளுக்கும் திரும்பிப்போய் அங்கிருந்து வேறு வழியில் ஆடலாம், இது நல்ல ஏற்பாடு. 2014-ல் பிரிட்டனின் பாஃப்டா விருது, சிறு தயாரிப்பாளர்களின் கேம்களுக்கான ஐ.ஜி.எஃப். விழாவின் பெரும் பரிசு எல்லாம் வாங்கியது. பிடித்துவிட்டால் இதே போப் 2012-ல் செய்த தி ரிபப்ளியா டைம்ஸ் என்ற குட்டி கேமையும் பாருங்கள், அதில் நீங்கள் அரசாங்கப் பத்திரிகையின் ஆசிரியர், இலவசம், அரை மணி நேரத்தில் முடிந்துவிடும்.

போன வாரம் சித்தி மகன் வந்திருந்தான், பிளஸ் டூ முடித்தவன், எப்போதும் ஃபோனில் சுடுகிற கேம்தான் ஆடுவான். சும்மா உட்கார்ந்து பாருடா என்று போட்டுக் கொடுத்தேன். கை வேகம் அதிகம், என்னைவிட நன்றாகவே முத்திரை குத்தினான். அந்த ஆன்டெக்ரியா தம்பதி வருகிற நாளும் வந்தது, நான் பின்னால் நின்று ஒன்றும் சொல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். கணவரை அனுப்பினான். அந்த அம்மா வந்து சொல்ல வேண்டியதைச் சொன்னார். மவுஸைக் கொஞ்ச நேரம் அங்கேயும் இங்கேயும் நகர்த்தினான், சிவப்பு முத்திரையைக் குத்தினான்.

"காலைலயே ரெண்டு மெமோ வாங்கிட்டேண்ணா. அவங்கள விட்டா அஞ்சு போயிடும்."

சரிடா என்றேன். இன்னும் நாலு பேரைப் பார்த்து அனுப்பினான், அன்றைய வேலை முடிந்தது, கறுப்புத் திரையில் சாப்பாட்டுக்கும் அடுப்புக்கும் டிக் போட்டான், ஐந்து கிரெடிட் மிஞ்சியிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தவன், "இந்த நாள திரும்ப முதல்லேர்ந்து ஆடலாமாண்ணா?" என்று கேட்டான்.